கவர்ல உறுமியோட நின்னது நான், நிக்க வச்சது திலகா

திலகா போய்ட்டாங்க.

ராசா டவுன்ல என் நாசி லெமாக் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில உறுமி மேளப் பத்திரிகை ஒண்ணு நடந்துச்சு இல்ல... அதுக்கு கவர்லருந்து கடைசி பக்கம் வரைக்கும் டிசைன் போட்டவங்க. முந்தாநாள் காலையில ஆஸ்பத்திரியில முடிஞ்சிருச்சு. நேத்து எடுத்தாச்சு.

வெக்கத்த விட்டு ஒண்ணு சொல்லிடுறேன். அந்தப் பத்திரிகையில ஒரு பக்கம்கூட நான் முழுசா படிச்சதில்ல.

மூணாவதோட நின்னவ நான். எழுத்துக்கூட்டி முடிக்கிறதுக்குள்ள சோறு ஆறிடும். இந்தப் பதிவ டைப் பண்ணவே ரெண்டு மணி நேரமாகுது, பாத்துக்குங்க.

ஆனா மாசாமாசம் வந்து "எப்படிக்கா இருக்கு?"ன்னு கேப்பாங்க. "அருமை லா, அந்தக் கட்டுரை இருக்கே..."ன்னு வாய் கூசாம அடிச்சு விடுவேன்.

ஒரு நாள் பிடிச்சுட்டாங்க. "எந்தக் கட்டுரைக்கா?"

படிக்க வராது லான்னு உண்மைய சொல்லிட்டேன்.

திட்டுவாங்கன்னு பாத்தா, மேல போய் பழைய பத்திரிகை ஒரு கட்டு தூக்கிட்டு வந்து மேசையில பரப்புனாங்க. "அப்ப நீங்கதான் எனக்கு வேணும். எழுத்த விடுங்க. படத்த மட்டும் பாத்து சொல்லுங்க, என்ன இருக்கு?"

சொன்னேன். கறுப்பு பேக்ரவுண்டு. நெருப்பு. சிங்கம், இல்லன்னா புலி. கூலிங் கிளாஸ் போட்ட ஆம்பளைங்க ஏழு பேரு, மாமியார் வீட்டுல சோறு போடாத மாதிரி முறைச்சுக்கிட்டு.

"பொம்பளைங்க?"

"ஓரத்துல ஒருத்தி பூத்தட்டோட சிரிக்கிறா. இதுலயும் தட்டு... இதுலயும் தட்டு. ஏன் டிசைனரம்மா, ஆபீஸ்ல ஒரே தட்டுதான் இருக்கா?"

அவங்க சிரிக்கல. "அத்தனை தட்டையும் வச்சது நான்தான்க்கா"ன்னாங்க.

அந்த ஞாயித்துக்கிழமை எங்க பழைய எஸ்டேட் கோயிலுக்கு வந்தாங்க. பின்னாலதான் என் தம்பி குமாரோட உறுமி குரூப் பிராக்டிஸ் பண்ணும்.

ஒருத்தனுக்கு செனாவாங் ஃபேக்டரியில ஷிஃப்ட்டு, வரல. அவன் உறுமிய மாட்டிக்கிட்டு நான் அடிச்சிட்டிருந்தேன். பிராக்டிஸ்னா நான் அடிக்கலாம். திருவிழான்னா பூத்தட்டு.

பழைய டீ-ஷர்ட், அவிழ்ந்த கொண்டை, வழியிற வேர்வை... திலகா ஃபோன எடுத்து அப்படியே படம் பிடிச்சாங்க. சீவிட்டு வரேன்னேன். விடல.

அதுதான் கவர். நெருப்பு அப்படியே இருந்துச்சு, சிங்கமும் இருந்துச்சு. அத ஏன் எடுக்கலன்னு கேட்டேன்.

"உறுமி பத்திரிகைன்னு பசங்களுக்குத் தூரத்துலயே தெரியணும்க்கா. சிங்கம் இருந்துட்டுப் போகட்டும். முன்னால யாரு நிக்கிறாங்கறதத்தான் நான் மாத்துறேன்."

பத்திரிகை பாஸ் வந்து பாத்தாரு. மூஞ்சிய கொஞ்சம் வெளுப்பாக்கு, இடுப்ப குறைன்னாரு. தேத்தண்ணி கொண்டுபோன நான் வாசப்படியிலயே நின்னுட்டேன்.

திலகா கம்ப்யூட்டர்லருந்து திரும்பக்கூட இல்ல. "இடுப்ப குறைச்சா உறுமிய எங்க பாஸ் மாட்டுறது?"

"விக்கலன்னா?"

"விக்கலன்னா நான் வேற வேலை பாத்துக்கிறேன். படம் இப்படித்தான் போகும்."

அப்படியேதான் அச்சுக்குப் போச்சு. ரெண்டு கடையில என்னைக் குப்புறப் போட்டு வச்சிருந்தானுங்க. மோட்டர் பைக்க எடுத்துக்கிட்டுப் போய் என் மூஞ்சிய நானே நிமித்தி வச்சிட்டு வந்தேன். மறுநாளும் குப்புற... மறுநாளும் போனேன்.

"ஆன்ட்டிய போட்டு பத்திரிகைய கெடுத்துட்டாங்க"ன்னு இதே ஃபேஸ்புக்ல எழுதினாங்க. எழுதினவங்கள்ல மூணு பேரு இன்னும் என் பிரெண்ட் லிஸ்ட்ல இருக்கீங்க. சாப்பிட்டாச்சா?

திலகா வேற வேலை பாக்கல. அதுக்கப்புறம் கெமாஸ் ஊருலருந்து தவில் அடிக்கிற பொண்ணு, மைக் பிடிச்ச பாட்டுக்காரின்னு கவர்லருந்து கடைசி பக்கம் வரைக்கும் பொம்பளைங்க வந்துச்சுங்க. பத்திரிகை நின்னு போற வரைக்கும் ஒரு தட்டு வரல.

நேத்து அவங்க வீட்டுல குமார் குரூப்தான் மேளம். வேன்லருந்து நான் ஒரு உறுமிய எடுத்து மாட்டினேன்.

குமார் ஓடி வந்தான். "அக்கா, சாவு வீடுக்கா. பொம்பளைங்க அடிக்கக்கூடாது. பெரியவங்க எல்லாம் பாக்கிறாங்க."

"பாக்கட்டும்டா. அங்கருந்து நல்லா தெரியுதான்னு கேட்டுட்டு வா."

"எனக்கு இனிமே யாரும் மேளத்துக்கு சொல்ல மாட்டாங்கக்கா..."

"சொல்லலன்னா என்னையும் சேத்து கூப்பிடுறவங்ககிட்ட போவோம். நீ தாளத்த விடாத."

போய் தன் உறுமிய மாட்டினான். அப்புறம் ஆரம்பிச்சான்.

சந்தி வந்ததும் பொம்பளைங்க இதோட நில்லுங்கன்னு ஒரு மாமா ரெண்டு கையையும் விரிச்சாரு. கைக்குக் கீழ குனிஞ்சு அந்தப் பக்கம் போய்ட்டேன். உறுமிய மாட்டிக்கிட்டு குனியிறது லேசுப்பட்ட வேலை இல்ல லா.

பின்னால திரும்பிப் பாத்தா... திலகாவோட மகளும் குனியிறா.

திலகாவ ஏத்தின வண்டிய பாத்தபடி, பின்பக்கமா நடந்துக்கிட்டே அடிச்சேன். கை தோல் பிஞ்சிருக்கு, பரவால்ல.

போங்க டிசைனரம்மா. காதுல விழுந்திருக்கும்... அது நான் அடிச்சதுதான்.

சந்தி தாண்டி ஒரு இடத்துல ரோட்டோர லோங்காங்குக்கு மூடி இல்ல. பின்பக்கமா நடந்தவ உள்ள விழுந்தேன். முழங்கால் வரைக்கும் சாக்கடைத் தண்ணி. எடது கால் செருப்பு போயிருச்சு, உறுமி நனையல.