கட்டுரையில் நான் பிடித்த கை

பிளஸ் டூ முடித்த வருடம் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன். நுழைவுத் தேர்வில் முன்னால் வரும் சிலருக்கு நான்கு வருடப் படிப்பும் விடுதியும் இலவசம். அப்பா அடுத்தவர் படகில் கடலுக்குப் போகிறவர். அந்த உதவித்தொகை இல்லையென்றால் அப்படி ஓர் இடத்தை நாங்கள் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

தேர்வில் தேறினேன். அடுத்து ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை கேட்டார்கள். வாழ்க்கையில் சந்தித்த பெரிய சோதனையைப் பற்றி எழுத வேண்டும். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டியதை எழுதி, காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் டைப் பண்ணக் கொடுத்தேன். கடைக்காரர் படித்துவிட்டு எந்த ஊர் என்று கேட்டார். பட்டினச்சேரி என்றேன்.

"அப்ப சுனாமிய எழுதும்மா. அதுதான் எடுபடும்," என்றார்.

சுனாமி வந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. என் சித்தப்பா மகள் அதில் போய்விட்டாள். அவளும் நானும் ஒரே வகுப்பு. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை. அரையாண்டு லீவுக்குக் கோட்டுச்சேரியில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். செய்தி வந்தபோது இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போய்ப் புதிதாக எழுதினேன். அவளைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை. கடைசிப் பத்தியில் மட்டும், அலை வந்தபோது அவள் கையை நான் பிடித்திருந்ததாகவும், தண்ணீர் இழுத்ததில் விட்டுப்போனதாகவும் எழுதினேன். எழுதும்போது அது பொய்யாகவே தோன்றவில்லை. அனுப்பிய பிறகுதான் அது பொய் என்று உறைத்தது.

நேர்காணலுக்கு அப்பாவும் கூட வந்தார். பஸ்ஸில் அவர் தூங்கிக்கொண்டு வர, அந்தக் கையைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்றே வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனேன். உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். ஒரு கணக்கைக் கொடுத்துப் பலகையில் போடச் சொன்னார்கள். நடுவில் ஒரு வரி தப்பாகிவிட, நானே கண்டுபிடித்துத் திருத்தினேன். பொறியியல் ஏன் என்று கேட்டார்கள். கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. தகுதியின் அடிப்படையில் முழு உதவித்தொகை என்று இருந்தது. அப்பா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அவளைப் பெற்ற சித்தியின் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. போகாமல் இருக்கவும் முடியவில்லை.

சித்தி கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்து என் கன்னத்தைத் தடவினார். பரீட்சையில் என்ன கேட்டார்கள், கட்டுரையில் என்ன எழுதினாய் என்று ஒவ்வொன்றாய் விசாரித்தார். அவளைப் பற்றி எழுதினேன் என்றேன். என்னவென்று கேட்டார்.

"அவ கைய நான் புடிச்சிருந்தேன், விட்டுப்போச்சுன்னு எழுதிட்டேன் சித்தி."

நான் கோட்டுச்சேரியில் இருந்தது சித்திக்குத் தெரியும். திட்டுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன்.

"யாராச்சும் புடிச்சிருந்தா தேவலாம்னு நானும் நெனச்சிருக்கேன்டி," என்றார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு நாங்கள் எடுக்கவில்லை.

இரண்டாம் வருடம், உதவித்தொகை பெற்றவர்களின் கட்டுரைகளை ஒரு சிறு புத்தகமாகப் போடப்போவதாக அறிவிப்பு வந்தது. அலுவலகத்துக்குப் போய் என்னுடையது வேண்டாம் என்றேன். அங்கிருந்த பெண் அலுவலர் காரணம் கேட்டார். கடைசிப் பத்தி நடந்ததில்லை என்றேன். உதவித்தொகையை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தேன். அவர் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டு, மாணவிக்கு விருப்பமில்லை என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

யாரும் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. நான்கு வருடமும் மதிப்பெண் குறையாமல் பார்த்துக்கொண்டேன், உதவித்தொகையும் நிற்கவில்லை. பலகையில் போட்ட கணக்குக்காகக் கிடைத்ததா, அந்தப் பத்திக்காகக் கிடைத்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.