கிளிக்கு வந்த ஏழரை

எங்கள் வீட்டில் எழுத்து உள்ள எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே, அப்பா வேலை பார்த்த திராட்சைத் தோட்டத்து மருந்து டப்பாக்களில் ஒட்டியிருக்கும் காகிதத்தை நான்தான் வாசித்துச் சொல்வேன். மருந்தடித்து எத்தனை நாள் கழித்துப் பழம் பறிக்கலாம், கையில் பட்டால் என்ன செய்யவேண்டும், எல்லாம். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. இன்று நான் உத்தமபாளையத்தில் அறிவியல் டீச்சர். ஊட்டச்சத்துப் பாடம் நடத்துகிறவள். அப்படிப்பட்ட என்னைப் பற்றி, "படிச்ச புள்ளைக்கு ஒரு கிளியத் திங்க வைக்கத் தெரியல" என்று பக்கத்து வீட்டு அத்தை தெரு முழுக்கச் சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

கிளி என்றால் பச்சைக்கிளி இல்லை. அதை வீட்டில் வளர்க்கச் சட்டத்தில் இடமில்லை. இது காக்டீல். சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவர் மாற்றலாகிப் போகும்போது கூண்டோடு கொடுத்துவிட்டுப் போனார். கூடவே ஒரு டப்பா நிறையச் சூரியகாந்தி விதை. வேறு எதையும் தொடாது என்று சொல்லியிருந்தார். நிஜமாகவே தொடவில்லை. அப்பா கொண்டுவரும் தோட்டத்துத் திராட்சையை நானே கொடுக்கவிடவில்லை. அதில் என்ன அடித்திருக்கிறார்கள் என்று வாசித்து வளர்ந்தவள் நான்.

சில மாதங்களில் கிளி நெஞ்சு பருத்து, மூக்கு நீண்டு, பறந்தால் மூச்சு வாங்கியது. அப்பாவும் நானும் தேனிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மருத்துவர் இறகை விரித்துப் பார்த்துவிட்டு, ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது, விதையையே தின்றுகொண்டிருந்தால் இது தங்காது என்றார். பெல்லட் என்கிற உருண்டைத் தீவனத்துக்கு மெல்ல மெல்ல மாற்றவேண்டும். ஆனால் ஒரேயடியாக விதையை நிறுத்தவும் கூடாது. இந்த இனம் பிடிக்காததைத் தின்பதைவிடப் பட்டினி கிடந்து செத்துப்போகுமாம். தினமும் காலையில் எடை பார்க்கச் சொன்னார். எடை சரிந்துகொண்டே போனால் உடனே வரவேண்டும். விதையைக் கொடுத்தாலும் சாவு, கொடுக்காவிட்டாலும் சாவு. நடுவில் ஒரு கயிறு. அதில்தான் நான் நடக்கவேண்டும்.

திரும்பும் வழியில் பறவைத் தீவனக் கடையில் ஏறினோம். பெல்லட் வேண்டும் என்று கேட்டது நான். கடைக்காரர் பேசியது அப்பாவிடம். என்ன கிளி, எத்தனை வயது என்று நான் சொல்லச் சொல்ல, அப்பாவைப் பார்த்தே தலையாட்டினார். சாக்கிலிருந்து அள்ளி ஒரு வெற்றுப் பையில் போட்டுக் கட்டி அப்பாவிடம் நீட்டினார். அப்பா வாங்கினார். வாங்கி, எப்போதும் செய்வதைப்போல, வாசிக்கச் சொல்லி என் பக்கம் திருப்பினார்.

வாசிக்க அதில் ஒரு எழுத்து இல்லை.

என்ன சேர்த்திருக்கிறார்கள், எப்போது செய்தது, எதுவரை கெடாது என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார்.

"தீவனத்துல என்னத்தா படிக்கக் கெடக்கு? அதுவா பரீட்சை எழுதப்போகுது?"

முகர்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டுக் கோழிக்கு வாங்கும் அதே தீவனத்தின் வாடை. முட்டையிடும் கோழிக்கானதைக் கிளி ஈரல் எப்படித் தாங்கும்? பையைத் திருப்பி மேசைமேல் வைத்தேன். பிறகு அவர் வண்ண வண்ணமாக ஒன்றை எடுத்தார். சிவப்பு, பச்சை, மஞ்சள். சின்னப் பிள்ளைகள் மிட்டாய் மாதிரி. கிளியின் எச்சத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் அதன் உடல்நிலையைச் சொல்லமுடியும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சாயம் கலந்ததைத் தின்றால் எச்சமும் சாயமாகத்தானே வரும்? அதையும் வைத்துவிட்டேன். மூன்றாவதாக, மேலே அட்டத்துப் பலகையில் தூசி படிந்து கிடந்த, கம்பெனி முத்திரை உடையாத பையை நானே கைகாட்டி எடுக்கச் சொன்னேன். பொடிப்பொடி உருண்டைகள், சாயமில்லை, தேதி தெளிவாக இருந்தது. நின்ற இடத்திலேயே முழுதும் வாசித்துவிட்டுத்தான் வாங்கினேன். கடைக்காரர் அப்பாவிடம், "கஷ்டந்தாண்ணே உங்க பாடு" என்றார். அப்பா என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். பேருந்தில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

கிளி அதை மதிக்கவில்லை. விதையோடு கலந்து வைத்தால், விதையை மட்டும் பொறுக்கிவிட்டு உருண்டையை ஒவ்வொன்றாகக் கூண்டுக்கு வெளியே எறிந்தது. தண்ணீரில் நனைத்து வைத்தேன், அதில் கால் கழுவியது. பொடித்துத் தூவினேன், தும்மியது. அத்தை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பாள். "மனுசனுக்கு மாத்திர, கிளிக்கும் மாத்திரையா?" என்பாள். விதையைக் குறைக்கக் குறைக்க எடை இறங்கியது.

அதில் ஒரு விசித்திரம் இருந்தது. வாரம் முழுக்க இறங்கும் எடை, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறியிருக்கும். தின்னத் தொடங்கிவிட்டது என்று நானும் ஒவ்வொரு ஞாயிறும் சந்தோஷப்படுவேன். திங்கட்கிழமை மறுபடி இறங்கும்.

எங்கள் பள்ளிக்குச் சனிக்கிழமையும் வேலை நாள். ஒரு சனிக்கிழமை சீக்கிரமே விட்டுவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்தால், கூண்டு திறந்திருக்கிறது. அம்மா தரையில் உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் வாழையிலை. இலையில் நல்லெண்ணெய் மினுமினுக்க எள்ளுச்சோறு. அம்மா விரல்களைக் குவித்து இலையைக் கொத்துவதுபோலத் தட்டுகிறாள். கிளி அவள் விரலுக்குப் பக்கத்தில் நின்று எள்ளை வளைத்து வளைத்துத் தின்கிறது.

அம்மா சனிக்கிழமை விரதம் இருப்பது எனக்குத் தெரியும். யாருக்காக என்று அன்றுதான் தெரிந்தது. எனக்கு ஏழரைச் சனி நடக்கிறதாம். குச்சனூர் சனீஸ்வரன் கோயிலில் வேண்டிக்கொண்டாளாம். காக்காய்க்கு எள்ளுச்சோறு வைத்து, அது தொட்ட பிறகுதான் அவள் பச்சைத்தண்ணீரே குடிப்பாள். ஆனால் பின்வீட்டுத் தென்னையை வெட்டியதிலிருந்து எங்கள் மொட்டைமாடிக்குக் காக்காய் வருவதில்லை. எல்லாம் பேருந்து நிலையத்துப் பரோட்டாக் கடைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துவிட்டன.

"காத்துக் காத்துப் பாத்தேன், ஒண்ணும் வரல. இதுவும் ரெக்க உள்ளதுதான? இது தொட்டா சாமி வேணாம்னா சொல்லும்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் பரீட்சை எழுதியது, வேலை வாங்கியது எல்லாம் நல்லபடியாக நடந்திருக்க, எனக்கே சொல்லாமல் எனக்கு ஒரு சனியா? அந்தச் சனியைக் கழிக்க என் கிளியா? ஊர் முழுக்க நான் கிளியைப் பட்டினி போடுகிறேன் என்று பேசும்போது, இவள் எண்ணெயில் பிசைந்த சோற்றை ஊட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறாளே.

"எனக்கு ஏழர முடியறதுக்குள்ள இதுக்கு முடிஞ்சிரும்மா" என்றேன். "டாக்டர் என்ன சொன்னாக? ஈரல்ல கொழுப்புன்னு சொன்னாகளா இல்லியா? எண்ணெயும் எள்ளும் கொழுப்பில்லாம என்னது?"

அம்மா இலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கிளி அவள் மடிமீது ஏறப் பார்த்தது. அவள் அதைப் பார்த்தாளே தவிர என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு அம்புட்டுத் தெரியாதுத்தா" என்றாள். பசியில் அவள் உதடு காய்ந்திருந்தது. அதற்காக என் கோபம் இறங்கிவிடவில்லை.

ஆனால் அந்த விரலை நான் பார்த்துவிட்டேன். அம்மா கொத்தினால்தான் கிளி கொத்துகிறது. கூட்டமாக வாழும் பறவை, பக்கத்தில் இன்னொன்று தின்பதைப் பார்த்தால்தான் புதியதை நம்பும். நானும் இதைப் படித்திருந்தேன். தட்டில் தீவனத்தை வைத்துக்கொண்டு தின்பதுபோல நடிப்பது டீச்சர் செய்கிற காரியமா என்று விட்டிருந்தேன்.

மறுநாள் காலையில் நடித்தேன். தட்டு நிறைய பெல்லட். விரலைக் குவித்துக் கொத்தினேன், வாயருகே கொண்டுபோய் 'ம்ம்' என்றேன். அத்தைக்குச் சொல்லவா வேண்டும்? வீட்டுக்குள் இருந்தவர்களையும் வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"டீச்சரம்மா கொத்துறாக, வந்து பாருங்க."

கொத்தினேன். தினமும், பள்ளிக்குக் கிளம்பும் முன், சேலை கட்டிய பிறகு, தரையில் உட்கார்ந்து கொத்தினேன். முதலில் கிளி என் நகத்தைக் கடித்தது. பிறகு ஒரு உருண்டையை எடுத்து உருட்டிப் பார்த்து எறிந்தது. பிறகு ஒரு காலையில் எறியவில்லை. நறுக்கென்று உடைக்கும் சத்தம் கேட்டது. நான் மூச்சுவிடாமல் கொத்திக்கொண்டே இருந்தேன். எடை சரிவது நின்றது. வெகுநாள் கழித்து மருத்துவர் தடவிப் பார்த்துவிட்டு, தப்பித்துக்கொண்டது, இப்படியே கொடுங்கள் என்றார். என்னிடம்தான் சொன்னார்.

அதன் பிறகு நடந்ததுதான் அக்கிரமம். அம்மா குச்சனூருக்குப் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். சனீஸ்வரன்தான் கிளிக்கு வாயைத் திறந்துவிட்டார் என்று அத்தை தெருவெங்கும் சொல்லிவிட்டாள். பையின் எழுத்தை வாசித்தவள், தரையில் உட்கார்ந்து கொத்தியவள் பெயரை யாரும் எடுக்கவில்லை.

விரதத்தையும் அம்மா விடவில்லை. சனி முடிய இன்னும் காலம் இருக்கிறதாம். ஒரு பறவை தொடாமல் அவள் சாப்பிடமாட்டாள். என் கிளியை நான் விடமாட்டேன். ஆக, இப்போது சனிக்கிழமைதோறும் பள்ளி விட்டதும் எள்ளுச்சோற்று இலையோடு பரோட்டாக் கடைக்குப் பின்னால் நிற்பது நான். சனியை நம்பாதவள். போன வாரம் என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள்.

"டீச்சர், உங்களுக்குச் சனியா டீச்சர்?"

"வீட்டுக்குப் போய்ப் படிங்கடி" என்று விரட்டினேன்.

சுவர்மேல் இருந்த காக்காய் பரோட்டாத் துண்டை விட்டுவிட்டு வர மனமில்லாமல் வந்து, இலையில் ஒரு கொத்துக் கொத்தியது. அம்மாவைக் கைப்பேசியில் கூப்பிட்டேன்.

"தொட்டிருச்சு. சாப்பிடு."