கொட்டகையில் ஒரு காருக்குத்தான் இடம்

ரிங்லெட் என்ற மலையூரைத் தாண்டித் தேயிலைத் தோட்டத்து வழியில் போகும்போது ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. கார் வாங்கி இரண்டு மாதம்தான். இயற்கைச் சேதத்துக்கான காப்பீட்டைத் தனியாகச் சேர்க்க வேண்டும், நான் சேர்க்கவில்லை.

சாலையோரக் கொட்டகையிலிருந்து தோட்டத்துக் காவலாளி ஒருவர் கைகாட்டினார். கம்பளிக் குல்லாய், ரப்பர் பூட்ஸ், பேசுமுன் தொண்டையைச் செருமும் வழக்கம். என் காருக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். உடனே கொட்டகைக்குள் நின்ற தன் பழைய காரை மழையில் எடுத்து நிறுத்திவிட்டு, என்னை உள்ளே வரச் சொன்னார்.

சிறிது நேரத்தில் அவர் கார்க் கண்ணாடி விரிசல் விட்டது.

"இன்சூரன்ஸ் இருக்காண்ணே?" என்று தயங்கிக் கேட்டேன்.

செருமினார். "ஆலங்கட்டிக்கா? அதெல்லாம் இல்ல லா."

"என்னுது புதுசுன்னுதான் உங்க காரை வெளியே எடுத்தீங்களா?"

"புதுச யாரு பாத்தா? பின்சீட்டுல பாப்பா தூங்குது. கண்ணாடி ஒடஞ்சா அது மேலதானே கொட்டும்."

திரும்பி என் மகளைப் பார்த்தேன். அதுவரை காரின் பெயின்ட்டைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் கண்ணாடி மாற்றும் ஆளை அழைத்துக்கொண்டு போனேன். மறுக்காமல் சாவியைக் கொடுத்தார். பாப்பா வரவில்லையா என்று மட்டும் கேட்டார். ஒரே பார்வையில் அவருக்குத் தெரிந்த பிள்ளையை நான் எப்படி மறந்தேன் என்று இன்றும் யோசிக்கிறேன்.