பூனாகலையில் நடாத முருங்கை

1972 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை. கொழும்புக் கோட்டையில் காலையில் ஏறிய வண்டி எங்களைப் பதுளையில் இறக்கிவிட்டபோது பொழுது சாய்ந்திருந்தது. நூற்று எண்பத்தொரு மைல். தண்டவாளம் அதோடு முடிகிறது. அதற்கப்பால் போக வேண்டியவர்கள் பஸ்ஸைத்தான் நம்ப வேண்டும். நாங்கள் நால்வர்: நான், மனைவி சரஸ்வதி, ஒன்பது வயது மல்லிகா, ஆறு வயது ரவி. இரண்டு பெட்டிகளோடு ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு முழ நீள முருங்கைக் கம்பும் கூட வந்தது. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக் குழாயடியில் நிற்கும் மரத்தில் வெட்டியது. ஹற்றனில் ஏறிய ஒரு பெரியவர் சாக்கைப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். “கருவாடு இல்லீங்க, முருங்கை” என்று சரஸ்வதி சொன்ன பிறகும் இறங்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

போன காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதுளைக் கடைவீதியில் புடவைக் கடை வைத்திருக்கும் ஹனிபா முதலாளி, கணக்கு எழுத என்னைக் கூப்பிட்டிருந்தார். சம்பளம் கொழும்பில் கிடைப்பதைவிட அதிகமில்லை. ஆனால் சரஸ்வதியின் ஒரே தங்கை புஷ்பம், முப்பது மைல் தள்ளிப் பூனாகலைத் தோட்டத்தில் இருந்தாள். பெற்றோர் இல்லாத அந்த இருவருக்கும் ஒருவருக்கொருவர்தான் ஊர். பத்து வருடமாக வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டவர்கள், இனி மாதத்துக்கு இருமுறை பார்க்கலாம். இந்தியாவும் இலங்கையும் எங்களைப் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில், புஷ்பம் வீட்டார் இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்டவர்கள். நாங்கள் இலங்கைக்குப் போட்டவர்கள். ஆனால் இந்தியாவுக்குக் கப்பலேறப் பெயர் வர இன்னும் பத்துப் பதினைந்து வருடமாகும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் சுற்றிப் பார்ப்பது, பிடித்தால் குடிவருவது என்பது எங்கள் ஏற்பாடு.

15ஆம் தேதி காலை முதலாளியே பசறை வீதி வீட்டைத் திறந்து காட்டினார். இரண்டு அறை, கிணறு, பின்னால் நல்ல வெயில் விழும் முற்றம். வாடகை நாற்பத்தைந்து ரூபாய். சமையலறை ஜன்னலைத் திறந்தால் நமுனுகுல மலை.

“தமிழ்ப் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். புள்ளைகளக் கூட்டிட்டு வந்தது நல்லம் தம்பி” என்றார் முதலாளி. “புள்ளைகளுக்குப் புடிச்சா வூட்டுக்காரிக்குப் புடிக்கும். அவங்களுக்குப் புடிச்சா ஒங்ககிட்ட யாரும் கேக்கப்போறதில்ல.”

சரஸ்வதி முற்றத்தில் நின்று, “எறங்கிப் போனா எத்தனை மணிக்குப் பண்டாரவளை பஸ்?” என்று மட்டும் கேட்டாள். தங்கை தோட்டத்துக்குப் பண்டாரவளை வழியாகத்தான் போக வேண்டும். அவளுக்கு வீடு பிடித்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது.

பத்து மணிக்குப் புஷ்பமும் அவள் கணவர் ஆறுமுகமும் பதுளைக்கே வந்துவிட்டார்கள். எங்களைச் சுற்றிக் காட்ட ஆறுமுகம் ஒரு வாரம் ஒதுக்கியிருந்தார். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஊவாவில் ஆகஸ்ட் என்பது காற்றுக்காலம். அந்தக் காய்ந்த காற்றில்தான் இந்தப் பக்கத்துத் தேயிலைக்கு மணம் ஏறுகிறது. ஸ்டோர் என்று தோட்டத்தார் சொல்லும் தேயிலை ஆலை இரவும் பகலும் ஓடும். அங்கே வேலை செய்பவருக்குச் சாவு வீட்டுக்குப் போகவே அரைநாள் கிடைப்பது அரிது. ஆறுமுகமோ ஸ்டோரில் வேலை செய்பவர்.

“லீவு எப்படிக் கிடைச்சது?” என்று கேட்டேன்.

“கேட்டேன், குடுத்தாங்க அண்ணே” என்றார். நானும் மகிழ்ந்துவிட்டேன்.

அன்று மதியம் துன்ஹிந்த அருவி. பதுளையிலிருந்து பஸ்ஸில் ஆளுக்கு இருபது சதம். இறங்கிய இடத்திலிருந்து காட்டுப் பாதையில் ஒரு மைலுக்குக் குறையாத நடை. வழியில் குரும்பை என்று விற்கும் இளநீர் முப்பது சதம். குழந்தைகளோடு போகிறவர்கள் அவசரப்படாமல் போகலாம். பாதை குறுகலே தவிர ஆபத்தில்லை. மழையில்லாத மாதமாதலால் அருவி மெலிந்திருந்தது. ஆனாலும் விழுந்த தண்ணீர் புகையாக எழுந்து எங்கள் முகத்தை நனைத்தது. ரவி வாயைத் திறந்து அதைக் குடிக்கப் பார்த்தான்.

ஆறுமுகம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “முப்பது மைல்ல இருந்துகிட்டு இத இன்னைக்குத்தான் பாக்குறேன் அண்ணே.”

“ஏன், இத்தனை வருஷம்?”

“தண்ணி எங்க போயிரப்போகுதுன்னு இருந்துட்டேன்.”

புஷ்பம் கீழே இறங்கி, ஒரு சின்னப் போத்தலில் தண்ணீர் பிடித்து இறுக மூடினாள்.

“சித்தி, ஒங்க வீட்டுல தண்ணி வராதா?” என்றாள் மல்லிகா.

“வரும்டி, வாயாடி. இது வேற தண்ணி.”

16ஆம் தேதி பண்டாரவளை வழியாகப் பூனாகலை. பண்டாரவளையிலிருந்து பத்து மைல். அந்தப் பஸ் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. வளைவுக்கு வளைவு தேயிலை. மேலே காற்று ஆளைத் தள்ளியது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் அறை வாசல் சாணம் தெளித்துச் சுத்தமாக இருந்தது. சரஸ்வதி பெட்டியைத் திறப்பதற்கு முன் முருங்கைக் கம்பைத்தான் எடுத்துக் கொடுத்தாள். புஷ்பம் அதை வாளித் தண்ணீரில் நிற்க வைத்தாள். நடவில்லை.

மறுநாள் சரஸ்வதி காரணம் கேட்டாள். “இந்தக் குளிருக்கு முருங்கை புடிக்காதுக்கா” என்றாள் தங்கை. அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் லயத்துக்குப் பின்னால் பக்கத்து வீட்டாரின் துண்டுக் காய்கறி நிலங்களில் போஞ்சியும் கோவாவும் நின்றன. புஷ்பத்தின் துண்டில் காய்ந்த புல் மட்டும். தொழுவத்தில் பசுவும் இல்லை. “வித்துட்டோம். புல்லறுக்க முடியல” என்றாள். அன்றைக்குச் சரஸ்வதி வெற்றிலை போடவும் மறந்துவிட்டாள்.

18ஆம் தேதி அதிகாலை பெரட்டுப் பார்க்கப் போனேன். பெரட்டு என்பது வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டம். குளிருக்குக் கம்பளி போர்த்தியவர்கள் வரிசையாக நிற்க, கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டு மலை மலையாக அனுப்பினார். என்னைப் பார்த்து, “ஆறுமுகம் வீட்டு விருந்தாளிங்களா? நல்லாப் பாத்துட்டுப் போங்க, அவரையும் பாத்துக்கிருங்க” என்றார். உபசாரப் பேச்சென்று எடுத்துக்கொண்டேன்.

19ஆம் தேதி, சனிக்கிழமை. தெமோதரை. இலங்கையில் குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல ரயில் நிலையம் எனக்குத் தெரியாது. எல்ல ஊரைத் தாண்டி, ஒன்பது வளைவுள்ள கல் பாலத்தின் மேல் வந்த வண்டி எங்களைத் தெமோதரையில் இறக்கிவிட்டது. அது மலையை ஒரு சுற்றுச் சுற்றி, நாங்கள் நிற்கும் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து வெளியே வரும். அதைப் பார்க்கப் பிள்ளைகள் வேலியோரம் ஓடினார்கள். ஆறுமுகம் அவர்களோடு போனார். நாங்கள் மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“புஷ்பம், பசுவ ஏன் வித்த?” என்றாள் சரஸ்வதி.

புஷ்பம் தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னாள். “பேர் வந்திருச்சுக்கா. நவம்பர்ல கப்பல்ங்கிறாங்க.”

சரஸ்வதி அவள் பக்கம் திரும்பினாள்.

“அப்ப எதுக்குடி என்னைய வரச் சொன்ன?”

“மச்சான் பதுளை வேலையப் பத்தி எழுதுன அதே வாரந்தான் எங்களுக்கும் வந்துச்சு. சொல்லியிருந்தா நீ அழுதுகிட்டு வந்திருப்ப. ஒரு வாரம் சிரிச்சு இருந்துட்டுச் சொல்லுவோம்னு இவருதான் சொன்னாரு. இவரும் ஸ்டோர்ல பேர வெட்டிட்டு வேலைய விட்டுட்டு வந்துட்டாரு.”

சரஸ்வதி அழவில்லை. “இந்தியான்னு ஏன் போட்டீங்க?” என்றாள், இத்தனை வருடங்களில் முதல் தடவையாக.

“நீதானக்கா சித்திரைக்கு வந்தப்ப, நாங்க இந்தியாதான்னு சொன்ன? அக்கா அங்கிட்டு போனா நமக்கு இங்கிட்டு யாருன்னு அந்த வாரமே போட்டுட்டோம். நீங்க மனசு மாறி இலங்கைன்னு போட்ட காயிதம், எங்க மனு போனதுக்கு அப்புறந்தான் வந்துச்சு.”

குறை சொல்லும் குரலே இல்லை. நடந்ததைச் சொன்னாள். பிரியக்கூடாது என்று ஒரு பக்கம் போனவர்களும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை எண்ணி மறுபக்கம் போன நாங்களும் இப்படித்தான் பிரிந்தோம். மலைநாட்டில் இதுபோல எத்தனை வீடுகள் என்று எனக்குத் தெரியாது. இது எங்கள் வீடு.

கீழே வண்டி சுரங்கத்திலிருந்து வெளியே வந்தது. “அம்மா, அதே கோச்சி, அதே கோச்சி” என்று ரவி வேலியைப் பிடித்துக்கொண்டு குதித்தான். ஆறுமுகம் திரும்பி எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளிடம் திரும்பி, வண்டியின் கடைசிப் பெட்டி மறையும்வரை கையசைத்தார்.

21ஆம் தேதி காலை பண்டாரவளை நிலையத்துக்கு இருவரும் வழியனுப்ப வந்தார்கள். புஷ்பம் ஈரச் சாக்கை ஜன்னல் வழியாக நீட்டினாள். “பதுளை வெயிலுக்கு நல்லா வரும். முத்தத்துல நடு.”

“நான் பதுளைக்கு வரலடி” என்றாள் சரஸ்வதி.

“வாக்கா. நல்ல வீடு. இவரும் சொல்றாரு.”

“வீடு பாக்கவா வந்தேன் நான்?”

ஆறுமுகம் மெல்லச் சொன்னார்: “இதுல நீங்க ஏறுறீங்க, நாங்க நிக்கிறோம். அடுத்த கோச்சில நாங்க ஏறுவோம். அன்னைக்கு வந்திராதீங்க அண்ணே. அவளால தாங்க முடியாது.” யாரை அவள் என்றார் என்று நான் கேட்கவில்லை.

அப்புத்தளை தாண்டும்வரை சரஸ்வதி சாக்கை மடியிலேயே வைத்திருந்தாள். நான் ஜன்னல் பக்கம் இருந்தேன். ஹல்துமுல்லைப் பக்கம் தரை சட்டென்று கீழே போய், தெற்கே சமவெளி வெயிலில் கிடந்தது. உண்மையைச் சொன்னால், அந்த ஊர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பசறை வீதி ஜன்னலும் நமுனுகுலவும் இன்றும் கண்ணில் நிற்கின்றன. ஹனிபா முதலாளிக்கு வர முடியவில்லை என்று எழுதினேன். வீட்டை இரண்டு மாதம் யாருக்கும் கொடாமல் வைத்திருப்பதாகப் பதில் எழுதினார், வைத்துமிருந்தார்.

கொட்டாஞ்சேனைக்கு வந்து சாக்கைப் பிரித்தபோது கம்பில் இரண்டு இடத்தில் பச்சை முளை கண்டிருந்தது. ஐந்து நாள் புஷ்பம் தண்ணீர் மாற்றிய முளை. எங்கள் குழாயடி கொழும்புக் கணக்கில் ஒரு பாய் விரிக்கும் இடம். அங்கே ஏற்கெனவே ஒரு முருங்கை நிற்கிறது. அதன் காயையே அண்டை வீடுகளுக்குக் கொடுத்துத் தீர்ப்போம். சரஸ்வதி அதன் பக்கத்திலேயே குழி தோண்டி இதையும் நட்டாள். இப்போது இரண்டும் ஒரே உயரம். எது அங்கே போய் வந்தது என்று அவளுக்கு மட்டும் தெரியும்.