றெஜினா அளந்த பெற்றோல்

பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது ஆய்வுகூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. "சேர், றெஜினா அக்கா விடிய மோசம் போயிட்டா. நெஞ்சு வலியாம்." அவருடைய சாவுச் செய்தியோடு, வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.

கிளிநொச்சியில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி தெரியும். மீதியை இன்றாவது சொல்லிவிடுகிறேன்.

எங்கள் திரவக் குரோமற்றோகிராபி இயந்திரம் அவர் பொறுப்பில் இருந்தது. ஒரு துளி பெற்றோலை மெல்லிய குழாயூடாகத் தள்ளி, அதில் கலந்திருப்பவற்றைப் பிரித்து அளந்து காட்டும் இயந்திரம். வரைபு கோணலாக வந்தால் நாங்கள் இயந்திரத்தைத் திட்டுவோம். "அது பொய் சொல்லாது சேர், நாங்கள்தான் அவசரப்படுறம்" என்பார்.

முல்லைத்தீவில் மீன்பிடித் தொழில் செய்த அவருடைய அண்ணனின் படகு எஞ்சின் இரண்டு தரம் நடுக்கடலில் நின்றது. பெற்றோலில் மண்ணெண்ணெய் மணந்தும் அண்ணன் பொருட்படுத்தவில்லை. "சண்டைக் காலத்திலை மண்ணெண்ணெயிலைதானே மோட்டச்சைக்கிளே ஓடினனாங்கள்" என்று சிரித்தாராம். றெஜினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெற்றோலில் கொஞ்சம் சோடாப் போத்தலில் மாதிரிக்குக் கொண்டுவந்தார். பிளாஸ்ரிக் கரைந்து அளவைக் கெடுக்கும் என்று திருப்பிவிட்டேன். கண்ணாடிப் போத்தலில் கொண்டுவந்து மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் மண்ணெண்ணெய்க் கலப்பு தெரிந்தது. முடிவை அறிக்கைத் தாளில் எழுதி என்னிடம் நீட்டினார்.

"கையெழுத்தை வையுங்கோ சேர். இந்தத் தாளோடை போனால்தான் முறைப்பாடு எடுப்பினம்."

முறைப்படி எடுத்த மாதிரி இல்லையே என்றேன். அது வெறும் சாட்டு. அந்தப் பெற்றோலை விற்ற செட்காரரைப் பகைக்கப் பயந்தேன், அவ்வளவுதான்.

தாள் என் மேசையில் கிடக்க, அண்ணன் கடலுக்குப் போனார். படகும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. பெற்றோல்தான் காரணமா என்று இனி எந்த இயந்திரமும் சொல்லாது.

அண்ணனின் முப்பத்தோராம் நாள் நினைவு முடிந்து றெஜினா வேலைக்கு வந்த அன்று, அவசரமாகக் கையெழுத்திட்டுத் தாளை நீட்டினேன். வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இனி ஆருக்கு சேர்?"

பிறகு ஒருநாளும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தகராறு வந்தால் மறுபடி அளப்பதற்காக, ஒவ்வொரு மாதிரியிலும் பாதியை எடுத்துவைப்பது எங்கள் வழக்கம். செத்தவீட்டுக்குப் போய்வந்து அவருடைய அலுமாரியைத் திறந்தேன். அண்ணனின் பெற்றோலில் எடுத்துவைத்த பாதியை அவர் எறியவில்லை. மூடி இறுக்கிய போத்தலில் ஒட்டியிருந்த துண்டில், அளந்த நாளின் திகதியோடு எழுதியிருக்கிறார்: "சேர் கேட்டால் நாலாம் முறையும் அளக்கலாம்."

அந்தப் போத்தல் இப்போது என்னிடம் இருக்கிறது. றெஜினா அளந்ததில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. அதை அவரிடம் நான் சொல்லவே இல்லை.