நாற்பத்து மூன்று கெளுத்திகள்

பர்மாவில் எங்கள் ஊர்க் கண்டோஜி ஏரியின் மரப்பாலத்தில் நடக்கும்போது அண்ணன் காலில் செருப்பு இருக்காது. எந்தப் பலகை உளுத்திருக்கிறது என்பது வெறுங்காலுக்குத்தான் தெரியும் என்பான். உளுத்த பலகையில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு, கூட்டம் வருவதற்குள் அதை மாற்றிவிடுவான். அவன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த ஏரிப் பூங்காவில் அதுதான் அவன் வேலை. ஏரிக்குள் நிற்கும் கரவெயிக் மண்டபத்தின் தங்கப் பறவைகளைப் படம் பிடிக்க வருகிறவர்களுக்கு அவனைத் தெரியாது.

எங்களைக் கூட்டிப்போனால் பேச்சு நிற்காது. இது தானாக உண்டான ஏரியில்லை, ஊருக்குக் குடிதண்ணீர் வேண்டி வெள்ளைக்காரன் கட்டியது, இன்யா ஏரியிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வருகிறது என்று ஆரம்பிப்பான். "மண்ணு சுமந்ததெல்லாம் நம்ம ஆளுங்கதான்" என்று முடிப்பான். உனக்கு யார் சொன்னது என்று கேட்டால் முறைப்பான். சாயங்காலம் ஷ்வேடகோன் புத்தர் கோபுரத்தின் பொன் நிழல் தண்ணீரில் விழும் நேரம் மட்டும் வாயை மூடிக்கொள்வான்.

கல்லீரல் கெட்டு, டாக்டர் கையை விரித்த வருஷம், அவன் பிறந்தநாளுக்கு மீன் விடலாம் என்று நான்தான் சொன்னேன். ஆயுள் நீளவேண்டும் என்று ஏரியில் மீன் விடுவது பர்மியர் வழக்கம். காளி கோயிலில் அர்ச்சனையும் செய்வோம், இதையும் செய்வோம். இங்கேயே பிறந்த எங்களுக்கு இரண்டும் சொந்தம்தான். க்யிம்யிண்டைங் சந்தையில் அவன் வயதுக்குச் சரியாக நாற்பத்து மூன்று சின்னக் கெளுத்திகளை எண்ணி வாங்கி, வாளியோடு டாக்சியில் ஏறினேன். பாலத்தின் ஓரத்தில் அவனை உட்காரவைத்து, ஒவ்வொன்றாக அவன் கையாலேயே விடவைத்தேன். வாளி காலியானதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பக்கத்தில் மீன்களுக்குப் போட ரொட்டி விற்கும் பர்மிய அம்மா, அவனுக்கு என்ன வயது என்று கேட்டாள். சொன்னேன். வயதுக்கு மேல் ஒன்று கூடுதலாக விடவேண்டுமே, அந்த ஒன்றுதானே வருகிற வருஷத்துக்கு என்றாள். வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் பாதி வழக்கத்தைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

"அண்ணே, இரு, ஓடிப்போய் இன்னொண்ணு வாங்கிட்டு வந்துடறேன்."

அவன் என் கையைப் பிடித்து உட்காரவைத்தான். "வேணாம் தங்கச்சி. இந்தப் பாலத்துல எத்தனை பேரு மீன் விடறதப் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"தெரிஞ்சும் ஏண்ணே சொல்லல?"

"வாளி காலியானதும் உன் மூஞ்சியப் பாத்தேன். சொல்ல மனசு வரல."

அடுத்த மாதமே போய்விட்டான். ஒரு கெளுத்தியால் உயிர் நிற்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, மனசு கேட்கவில்லை. இந்த வருஷமும் அவன் பிறந்தநாளன்று பாலத்துக்குப் போனேன். பூட்ஸ் போட்ட பையன்கள் பலகை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ரொட்டிக்கார அம்மா என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் உட்காரச் சொன்னாள். செத்துப்போனவனுக்கு எத்தனை மீன் விடவேண்டும் என்று அவளைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.