கூப்பிட்டால் திரும்பாதவன்

மலையில் ஜீப்பு ஓட்ட வருகிறவன் கிளட்ச்சையும் பிரேக்கையும் பிறகு பழகிக்கொள்ளலாம். முதலில் பழக வேண்டியது, பின்னால் இருந்து யாராவது கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது. என் பேர் சென்றாயன்; போடியிலிருந்து மலைமேல் இருக்கிற போடிமெட்டுக்கு ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறவன். காலையில் ஏற்றம், சாயங்காலம் இறக்கம், நடுவில் வளைவுகள். நீங்கள் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கலாம், ஆபீஸில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எங்கே இருந்தாலும், வேலையில் கொஞ்சம் மனசு ஊன்றும்போது ஏதோ ஒன்று வந்து தோளைத் தட்டும். உங்களுக்கும் எனக்கும் ஒரே பாடுதான். நீங்கள் திரும்பினால் வேலை கெடும். நான் திரும்பினால் கீழே பள்ளம்.

அதனால் எனக்கு ஒரு சட்டம் உண்டு. மலை அடிவாரத்தில் முந்தல் என்று ஒரு ஊர். அதைத் தாண்டி ஏற்றம் தொடங்கினால் மெட்டு போய்ச் சேரும் வரை பேச மாட்டேன், பாட்டு போட மாட்டேன், போன் எடுக்க மாட்டேன். இறங்கும்போதும் அப்படித்தான். இந்தச் சட்டத்தால் எனக்கு நேர்ந்தவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன்.

பாட்டு இல்லாத வண்டி

போடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ராசிங்காபுரத்துக்கே போய் நான் ஏற்றி இறக்குகிற பெண்கள்தான் என் வண்டியில் அதிகம். வயதானவர்களுக்கு என் சட்டம் ஒத்துக்கொண்டது. ஏறியதும் சேலைத்தலைப்பை முக்காடாகப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார்கள். இளம்பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம். எனக்குப் பின்னாலேயே வருகிற பாண்டியின் வண்டியில் பெரிய ஸ்பீக்கர் உண்டு, நீல லைட்டு உண்டு. வளைவில் திரும்பும்போது அவன் பாட்டு மலைக்கு மேலே ஒரு தடவை கேட்கும், கீழே ஒரு தடவை கேட்கும். ஒருநாள் என் வண்டியில் வழக்கமாக வருகிற மூன்று பிள்ளைகள் அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி மனசு கேட்காமல் இறங்கி வந்து என் கதவுப்பக்கம் நின்றாள். தூரத்துச் சொந்தம், முறைக்கு மாமா என்று கூப்பிடுகிறவள். "கோவிச்சுக்காதீங்க மாமா. ஒங்க வண்டியில ஏறுனா சாவு வீட்டுக்குத் துட்டி கேக்கப் போற மாதிரியே இருக்கு."

பேபிச் சேட்டனின் கேள்விகள்

மேலே ஒரு தோட்டத்துக்குப் புதிதாக வந்த சூப்பர்வைசரை எல்லோரும் பேபிச் சேட்டன் என்பார்கள். ஆள் என்னவோ ஆறடி. மலையாளமும் தமிழும் கலந்துதான் பேச்சு. முதல்நாளே முன்சீட்டில் ஏறிக்கொண்டு, முந்தல் தாண்டியதும் ஆரம்பித்தார். வீடு எங்கே? சொந்த வண்டியா? எத்தனை பிள்ளைகள்? பெண்டாட்டி என்ன செய்கிறாள்? நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வளைவு பொறுத்தவர், காது கேட்காத ஆள் என்று நினைத்துக்கொண்டு சத்தமாகக் கேட்டார். பிறகு சைகையில் கேட்டார். பிறகு பரிதாபப்பட்டு விட்டுவிட்டார்.

மெட்டில் வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன். அவர் பக்கம் திரும்பி, கேட்ட வரிசையிலேயே பதில் சொன்னேன். "வீடு போடியில, சுப்புராஜ் நகர் பக்கம். வண்டி மொதலாளியோடது. ஒரே பொண்ணு, திருப்பூர்ல கட்டிக்குடுத்திருக்கு. அதுவும் மருமகனும் பனியன் கம்பெனிக்குப் போறாங்க. பேத்தியப் பாத்துக்க ஆளில்லைன்னு எம் பொண்டாட்டி அங்க போயிருக்கா. போன வருசம் போனவ. நான் தனியாத்தான் பொங்கித் திங்கிறேன்." கேட்டதற்கு மேலேயே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் இறங்கப்போன காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "அப்போ நிங்களுக்கு நாக்கு உண்டு, அல்லே!" என்றார்.

குளவி

ஒரு சாயங்காலம் இறங்கும்போது, யாரோ கொண்டுவந்த விறகுக்கட்டுக்குள் இருந்து ஒரு குளவி கிளம்பிவிட்டது. வண்டிக்குள் ஒரே கூச்சல். ஒருத்தி முந்தானையால் வீச, அது முன்னால் வந்து என் பிடரியில் உட்கார்ந்துகொண்டது. அது நடப்பது எனக்குத் தெரிகிறது. காலர் ஓரமாக வந்து, காதுக்குப் பின்னால் நின்றது. எதிரே வளைவு. வளைவில் பாதி திரும்பிய நேரத்தில் போட்டது ஒரு போடு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கை மட்டும் ஸ்டியரிங்கை விடவில்லை. அடுத்த வளைவும் கடந்து, ரோடு கொஞ்சம் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, இறங்கி நின்றபிறகுதான் "யம்மா!" என்று கத்தினேன்.

பேச்சியம்மாள் இறங்கி வந்தாள். ராசிங்காபுரத்துப் பெண்களுக்கு அவள்தான் தலைவி மாதிரி. ஆள் சேர்ப்பதும் அவள்தான், சண்டை தீர்ப்பதும் அவள்தான். பேருக்கேற்ற வாய். வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து என் காதுக்குப் பின்னால் தடவிவிட்டாள். யாரோ ஒருவர் கை என்மேல் பட்டு ரொம்ப நாளாகியிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தடவிக்கொண்டே சொன்னாள்: "குத்துன எடம் அங்கன இருக்கு, கத்துற எடம் இங்கன இருக்கு. என்ன மனுசண்ணே நீங்க!"

தூங்குகிறவர்கள்

போடியில் சின்னதாக ஏலக்காய்க் கடை வைத்திருக்கிற இபுராகிம் ராவுத்தர், காய் பார்க்க மேலே போகிற நாளெல்லாம் என் வண்டியில்தான் வருவார். முன்சீட்டில் ஏறி, வாய்க்குள் ஏதோ ஓதி, தொப்பியைக் கண்ணுக்கு இறக்கிவிட்டால் சரி, குறட்டைதான். பின்னால் பெண்கள் எல்லோரும் தூக்கம். ஒருநாள் அப்படிப் போகும்போது, மேல் வளைவில் திரும்பினால் கீழே போடியைக் காணோம். ஊர், தோப்பு, கண்மாய் எல்லாவற்றையும் மேகம் மூடி, வெயில் மட்டும் மேலே பட்டு, சுளகில் பரப்பின பஞ்சு மாதிரி கிடக்கிறது. "இங்க பாருங்க" என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லக்கூடாது. நானும் ஒரு கண் சிமிட்டுகிற நேரம்தான் பார்த்தேன். அடுத்த வளைவில் அது போய்விட்டது.

மெட்டில் ராவுத்தரை எழுப்பினேன். மேகத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சந்தோஷமாக என் தோளைப் பிடித்துக்கொண்டார். "மத்த வண்டியில ஏறுனா கண்ண மூட முடியல சென்றாயா. ஒன் வண்டியிலதான் நான் நிம்மதியாத் தூங்குறேன்."

மேலே இருக்கிற நேரம்

காலையில் ஆட்களை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை எனக்குச் சோலி இல்லை. தோட்டத்து வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு அதிலேயே உட்கார்ந்திருப்பேன். பேசத் தடை இல்லாத நேரம் அதுதான். ஆனால் மெட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டம் இருக்கிற பள்ளத்தில் டவர் கிடையாது. எங்கே நன்றாக டவர் கிடைக்கும் தெரியுமா? வளைவுகளில். அங்கே நான் எடுக்க மாட்டேன். மெட்டிலும் கிடைக்கும், ஆனால் வண்டி நிறைய ஆட்கள் காத்திருக்க என்ன பேசுவது? ராத்திரி வீட்டுக்கு வந்து கூப்பிட்டால் என் பெண்டாட்டி ஈஸ்வரி பேத்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பாள், இல்லை தொட்டிலை ஆட்டிக்கொண்டிருப்பாள். "சாப்பிட்டீங்களா? சரி, புள்ள அழுகுது, வைக்கிறேன்" என்பதோடு சரி.

அவள் கொடுக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தை வீணாக்கக் கூடாது என்று, பகலிலேயே என்னென்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொள்வேன். தக்காளி விலை, பக்கத்து வீட்டுக் கல்யாணம், மூன்று நாளாகச் சட்டியில் அடிப்பிடிக்கிற குழம்பு. எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்று மாற்றி மாற்றி. ஒருநாள் கண்ணாடியைத் தட்டுகிற சத்தம். தோட்டத்துக் காவலாளி. குனிந்து வண்டிக்குள் முழுக்கப் பார்த்தார். பின்சீட்டையும் பார்த்தார். "ஆளே இல்லாத வண்டியில யார்கிட்டப்பா இம்புட்டு நேரம் பேசிக்கிட்டிருக்க?"

செல்லு அடித்தது

பேத்திக்குக் காய்ச்சல் என்று முதல்நாள் சொல்லியிருந்தாள் ஈஸ்வரி. ஊசி போட்டிருக்கிறது, இறங்கவில்லை, பயமாக இருக்கிறது என்றாள். அதனால் மறுநாள் காலையில் முந்தலில் போனை அணைக்க மனம் வரவில்லை. சட்டைப் பையில் அப்படியே போட்டுக்கொண்டேன்.

பாதி மலையில் மூடுபனி. முன்சக்கரத்துக்கு முன்னால் ரோடு இருக்கிறதா என்றே தெரியவில்லை. எனக்குப் பின்னால் ஒரு லாரி ஒட்டிக்கொண்டு வருகிறது, ஓரத்தில் ஒதுங்க இடமில்லை. அப்போது அடித்தது. நெஞ்சின் மேலேயே அடிக்கிறது. நின்றது, மறுபடி அடித்தது. பின்னால் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் விழித்துவிட்டார்கள். "அண்ணே, செல்லு அடிக்குது" என்றாள் ஒருத்தி. மூன்றாவது தடவை அடித்தபோது பேச்சியம்மாள், "திருப்பூர்லருந்தாண்ணே? நான் எடுத்துக் கேக்கட்டா?" என்றாள். அவள் எட்டி என் பையில் கை விடவேண்டும், அந்த நேரத்தில் என் கை அசைந்துவிட்டால்? வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அது அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கெட்ட எண்ணம் வந்தது. சின்ன உடம்பு. காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டதோ. ஆஸ்பத்திரியில் இருந்து கூப்பிடுகிறாளோ. பிறகு அடிப்பது நின்றுபோனது. அதுதான் அடிப்பதைவிடக் கொடுமையாக இருந்தது. எதிரே மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது, பஸ்சு. அதற்கு வழி விட்டு, வண்டியை ஏற்றி, மெட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

டீக்கடை ஓரமாக நிறுத்தினேன். போனை எடுத்துக் கூப்பிட்டேன். பெண்கள் யாரும் இறங்கவில்லை. ஈஸ்வரி முதல் மணியிலேயே எடுத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "காச்ச விட்டுருச்சுங்க. முழிச்சு ஒக்காந்து பால் கேட்டா. ஒங்க போட்டோவக் காட்டி இது யாருன்னேன், 'தாத்தா'ன்னுட்டா! மொதத் தடவைங்க. நீங்க கேக்கணும்னுதான் விடாம அடிச்சேன், அவளும் சொல்லிக்கிட்டே இருந்தா. இப்பத்தான் தூங்கிப்போனா."

முந்தல் தாண்டி

அன்று சாயங்காலம் இறக்கத்தில் வண்டிக்குள் பேச்சே இல்லை. மற்ற நாட்களில் நான் பேசாவிட்டாலும் அவர்கள் தங்களுக்குள் பேசுவார்கள். கூலி, கொழுந்தன், வாய்க்கால் தண்ணீர் என்று ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். அன்று பேச்சியம்மாள்கூட வாயைத் திறக்கவில்லை. காலையில் போனை எடுக்காமல் ஓட்டிக்கொண்டு வந்தேனே, கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிட்டார்களோ என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. விளக்கிச் சொல்லவும் வழியில்லை. வளைவுகள் பாக்கி இருந்தன.

முந்தல் வந்தது. மலை முடிந்து, இரண்டு பக்கமும் தோப்பாக ரோடு நேராகிற இடம். பின்னால் இருந்து பேச்சியம்மாள் குரல். "மலை எறங்கியாச்சுண்ணே. இனிப் பேசலாம்ல? பேத்தி என்னமோ சொல்லுச்சாமே, எங்களுக்குச் சொல்லுங்க." அவர்கள் மலை முழுக்க எனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

சொன்னேன். காய்ச்சலில் தொடங்கினேன். பேத்திக்கு என் மூக்கு என்று ஈஸ்வரி சொன்னதைச் சொன்னேன். எங்கள் மகள் முதன்முதலில் பேசிய கதைக்குப் போனேன். ஈஸ்வரி பஸ்சு ஏறின அன்று நான் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டிருந்ததைச் சொன்னேன். போடிக்குள் நெரிசலில் மட்டும் வாயை மூடிக்கொண்டேன். ஊர் தாண்டியதும் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டேன். யாரோ சிரித்தார்கள், யாரோ "அடடா" என்றார்கள், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஒரு வருசப் பேச்சு, நிற்கவில்லை. வீடுகள் குறைந்து வயக்காடு வந்தபிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று பார்த்தேன். பிரேக்கில் கால் வைத்தேன். பேச்சியம்மாள் முன்னால் குனிந்து, தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "எங்க ஊரு போயிருச்சுண்ணே. பரவால்ல, நீங்க சொல்லி முடிங்க."

வேலையில் கவனமாக இருப்பது எப்படி என்று யாராவது கேட்டால் என்னால் சொல்லிவிட முடியும். வண்டியைவிட்டு இறங்கி, பூட்டின வீட்டைத் திறக்கிற நேரத்தில் அந்தக் கவனத்தை எங்கே இறக்கி வைப்பது என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.